முதல் தடவை ரோம்: பிள்ளைகள், பாட்டி, கொஞ்சம் மிளகு

ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கு முன்னாலும் யாராவது ஒரு சிநேகிதி கேட்டுவிடுகிறாள்: "ரோமுக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா. மூணு நாள்தான் இருக்கு. எதைப் பாக்கணும், எதை விடணும்?" போனில் அரைமணி நேரம் பேசுவதைவிட ஒரே தடவையாக எழுதிவைத்தால் எல்லோருக்கும் அனுப்பிவிடலாமே என்றுதான் இது.

எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கரூரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த என் அம்மாவும் எங்களோடு வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆக, ஸ்ட்ரோலர் தேவைப்படாத ஆனால் நடக்க மறுக்கும் ஒரு பையன், நடக்க ஆசைப்பட்டும் முடியாத ஒரு பாட்டி, எல்லாவற்றுக்கும் "ஏன்?" கேட்கும் ஒரு பெண். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் பருவம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் நம் ஊர் வெயில் மாதிரிதான், ஆனால் நிழலும் மோரும் இல்லாத வெயில். அக்டோபர் அல்லது மார்ச் நல்லது. தங்குவதற்கு தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி விலை குறைவு. இரண்டு தெரு தள்ளி மோன்ட்டி பகுதியில் கிடைத்தால் இன்னும் நல்லது, கொலோசியத்துக்கு நடந்தே போகலாம். த்ராஸ்தேவெரே அழகான இடம்தான், சாயங்காலம் போய் வாருங்கள். ஆனால் ரோம் முழுக்கத் தெருவில் பாவியிருக்கும் அந்தச் சதுரக் கருங்கற்கள் அங்கே இன்னும் கரடுமுரடு. பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் சக்கரம் போய்விடும், பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் முட்டி போய்விடும். செருப்பு வேண்டாம், அம்மாவுக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூதான். புடவைக்கு ஷூவா என்று முதல்நாள் முறைத்தார். இரண்டாம் நாள் காலையில் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். ஊர் முழுக்க 'நசோனி' என்று சொல்லும் இரும்புக் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வளைந்த மூக்கு மாதிரி குழாயிலிருந்து குளிர்ந்த குடிதண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும், அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாம். என் மகனுக்கு ரோம் என்றால் இன்றைக்கும் இதுதான். கொலோசியம் எல்லாம் அப்புறம்.

சரி, கொலோசியம். டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில்தான் வாங்க வேண்டும். வருகிற நாளுக்கு 30 நாள் முன்பு விற்பனை திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் காலியாகும். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் பார்க்கலாம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது. படி ஏற முடியாதவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கி.பி. 80-இல் திறந்த கட்டடம். சுமார் 50,000 பேர் உட்கார்ந்து பார்த்ததாகக் கணக்கு சொல்கிறார்கள். சண்டை, சிங்கம், ரத்தம் எல்லாம் பிள்ளைகள் ஏற்கெனவே கார்ட்டூனில் பார்த்துவிட்டார்கள். நான் காட்டச் சொல்வது வேறு: வெளியே வடக்குப் பக்கம் நின்று வளைவுகளுக்கு மேலே பாருங்கள், ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும். மொத்தம் 80 வாசல். எந்த எண் வாசலில் நுழைந்து எந்தப் படியில் ஏறி எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சீட்டு பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். இன்றைய கிரிக்கெட் ஸ்டேடியத்தில் கேட் நம்பர் பார்த்துப் போகிற அதே ஏற்பாடு. தினமும் சர்வர் நெரிசலோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இதைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்தது. பிள்ளைகளிடம் 23-ஆம் எண்ணிலிருந்து 54 வரை தேடச் சொன்னால் இருபது நிமிஷம் நிம்மதி.

கொலோசியத்தைவிட ஃபோரத்தில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். பார்வைக்கு உடைந்த தூண்களும் புல்லும்தான். சொல்ல ஒரு கதை இல்லாமல் உள்ளே போனால் பத்தாவது நிமிஷம் "வீட்டுக்குப் போலாம்" தொடங்கிவிடும். எங்களுக்கும் அங்கேதான் அது நடந்தது, ஆனால் வேறு மாதிரி.

மகள் பள்ளியில் ரோமர்கள் பாடம் முடித்திருந்தாள். டச்சுப் பள்ளிகளில் ரைன் நதிதான் ரோமப் பேரரசின் எல்லை, இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் காட்டு ஜனங்கள் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்று கேட்டாள்: "இவங்க இதெல்லாம் கட்டினப்போ நம்ம என்ன பண்ணிட்டு இருந்தோம், அம்மா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும், அல்லது வரும். இங்கேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே இந்தப் பாடத்தைப் படித்த பெற்றோரானால், நீங்களே ஒரு காலத்தில் வகுப்பில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதாகவும் இருக்கலாம். அந்தப் பாடப்புத்தகத்தின் வரைபடம் பெரும்பாலும் எகிப்தோடு நின்றுவிடும். அதற்குக் கிழக்கே தாள் முடிந்துவிடும்.

நல்லவேளை, பதில் கண்ணெதிரிலேயே இருந்தது. ஃபோரத்தின் ஒரு ஓரத்தில் மூன்று மாபெரும் வளைவுக் கூரைகள் நிற்கும், மக்சென்டியஸ் மண்டபம் என்று பெயர். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது மிளகுக் கிடங்கு. முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் என்ற பேரரசன் கட்டியது. லத்தீனில் பெயரே மிளகுக் கிடங்கு என்றுதான். நகரத்தின் நடுநாயகமான தெருவில், கோயில்களுக்குப் பக்கத்தில், மிளகுக்கும் மற்ற வாசனைச் சரக்குகளுக்கும் தனிக் கட்டடம்!

அந்த மிளகு மேற்குக் கடற்கரையில், அன்றைய சேரநாட்டில் விளைந்தது. முசிறித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, அரபிக்கடல் தாண்டி, செங்கடல் வழியாக எகிப்துக்கு வந்து, அங்கிருந்து ஒட்டகத்திலும் படகிலுமாக அலெக்சாண்டிரியா போய், மறுபடி கப்பலேறி இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் தோண்டியபோது, ஒரு கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு இருந்த பெரிய ஜாடியே கிடைத்திருக்கிறது. யவனர் கப்பல்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றுப் பாடல் ஒன்று சொல்கிறது. அந்தக் காலத் தமிழில் மிளகுக்குப் பெயர் 'கறி'. இதை மகளிடம் சொன்னபோது "அப்போ அவங்க கறி வாங்க வந்தாங்களா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும், இந்தப் பெயரை இனி மறக்கமாட்டாள்.

வாங்கினவர்கள் தரப்பில் புலம்பலும் பதிவாகியிருக்கிறது. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற எழுத்தாளர், இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை நம்மிடமிருந்து கறந்துகொண்டு போகிறது என்று எழுதினார். காரம் ஒன்றைத் தவிர என்ன இருக்கிறது இந்த மிளகில் என்று அவருக்கு எரிச்சல் வேறு. கி.பி. 408-இல் அலாரிக் என்ற கோத் இனத் தலைவன் ரோமை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்ட பொருள்களின் பட்டியலில் தங்கம், வெள்ளி, பட்டுச் சட்டைகளோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. ஒரு நகரத்தின் உயிருக்கு விலையாக மிளகு! இதைச் சொன்னதும் பையன்கூட உட்கார்ந்து கேட்டான்.

பழம்பெருமை பாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். "நாமதான் உலகத்துக்கே எல்லாம் கொடுத்தோம்" வகை வாட்ஸப் செய்திகளைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். அந்த வரைபடத்தில் நமக்கும் ஒரு ஊர் இருந்தது. அதைப் பிள்ளையிடம் இடத்தைக் காட்டிச் சொல்ல முடிகிறபோது சொல்லிவிட வேண்டும்.

அன்று மத்தியானம் சாப்பாடும் அதே பாட்டு. ரோமின் பெயர்பெற்ற பாஸ்தா 'காச்சோ எ பெப்பே', அதாவது சீஸும் மிளகும். வேறொன்றும் கிடையாது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெண்பொங்கல்ல அரிசிக்குப் பதிலா சேமியா, நெய்க்குப் பதிலா சீஸு. பரவால்ல, முந்திரி போட்டிருக்கலாம்" என்றார். சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதில் போடும் பெக்கொரினோ ரொமானோ சீஸை ஆட்டுப்பாலில், ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமோர் மாதிரியான ஒரு பொருள் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதைத் தவிர்க்கிறவர்கள் தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட பாஸ்தா, அல்லது சீஸ் இல்லாத மரினாரா பீட்சா கேட்கலாம். அமத்ரிச்சானா, கார்போனாரா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. 'சுப்லீ' என்ற பொரித்த சோற்று உருண்டையைப் பார்த்துப் போண்டா என்று நினைத்துவிடாதீர்கள், பலவற்றில் கறி கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். ஹோட்டல் பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ வந்தால் ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம், அது உட்கார்ந்ததற்கான கட்டணம். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. நம்ம ஊர் டீக்கடை வழக்கம்தானே.

இரண்டாம் நாள் நடந்து பார்க்கிற நாள். காலை ஏழு மணிக்கு முன்னால் த்ரேவி நீரூற்று. எட்டரைக்கு மேல் போனால் தண்ணீர் தெரியாது, தலைகள்தான் தெரியும். அங்கிருந்து பாந்தியன். ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கொலோசியத்தை அல்ல. ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. கம்பி வைக்காத கான்கிரீட்டில் கட்டிய குவிமாடங்களில் உலகத்திலேயே இன்றும் இதுதான் பெரியது. குறுக்களவும் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சியும் 43.3 மீட்டர், அதாவது ஒரு முழு உருண்டை உள்ளே உட்காரும். உச்சியில் கண்ணாடி இல்லாத வட்ட ஓட்டை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். நீர் வடியத் தரையில் சின்னத் துளைகள். மகன் குனிந்து துளைகளை எண்ணினான், மகள் அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தாள், அம்மா "நம்ம முற்றத்து வீடு" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நுழைவுக்கட்டணம் நாங்கள் போனபோது ஐந்து யூரோ, பிள்ளைகளுக்கு இல்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் நவோனா சதுக்கம். நடுவில் 1651-இல் பெர்னினி முடித்த நான்கு நதி நீரூற்று. ஒவ்வொரு நதிக்கும் ஒரு ஆள் சிலை. கையில் நீளமான துடுப்போடு ஒருவர் சாய்ந்திருப்பார், அவர்தான் கங்கை. ஆமாம், நம் கங்காதேவி இங்கே தாடி வைத்த ஆம்பிளை! அம்மாவால் இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "யாரும் இவங்களுக்குச் சொல்லலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நைல் நதிக்குத் தலையைத் துணியால் மூடியிருப்பார்கள், அது எங்கே பிறக்கிறது என்று அப்போது ஐரோப்பியருக்குத் தெரியாது, அதனால்.

அதே பக்கத்தில் கூட்டம் குறைவான சாந்திஞ்ஞாசியோ தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். அதன் குவிமாடம் பொய். கட்டவே இல்லை, தட்டையான துணியில் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். அந்த்ரேயா போட்ஸோ என்ற சேசுசபைத் துறவியின் வேலை. தரையில் ஒரு வட்டக்கல் இருக்கும், அதில் நின்றால் நிஜம்போல் தெரியும். நாலு அடி தள்ளிப்போனால் குட்டு வெளிப்படும். பிள்ளைகள் ஒன்பது தடவை முன்னும் பின்னும் ஓடினார்கள். மதுரையில் துறவியாக வாழ்ந்து தமிழில் உரைநடை எழுதிய ராபர்ட் தெ நொபிலியும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இதே சேசு சபைக்காரர்கள், இத்தாலிக்காரர்கள்.

வத்திக்கான் பற்றி என் கருத்துக்குச் சிலர் கோபிப்பார்கள். ஏழு வயதுக்குள் பிள்ளை இருந்தால் அருங்காட்சியகத்தை இந்தத் தடவை விடுங்கள். சிஸ்டைன் சேப்பலுக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் தாழ்வாரம், நெரிசல், திரும்பிப்போகவும் வழியில்லை. கணவர் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார், முன்பதிவோடு. நாங்கள் மூவரும் புனித பேதுரு பேராலயம் மட்டும். காலை ஏழு மணிக்கே திறக்கும், அனுமதி இலவசம், எட்டு மணிக்குள் போனால் சோதனை வரிசை சின்னது. புதன்கிழமை காலை மட்டும் வேண்டாம், போப்பைப் பார்க்க வருகிற கூட்டம் இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதார், புடவைக்காரர்களுக்குக் கவலையில்லை, அரைக்கால்சட்டை அப்பாக்களுக்குத்தான் ஆபத்து. உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியேட்டா. மடியில் மகனைக் கிடத்தியிருக்கும் தாய். அம்மா அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே அந்தச் சதுக்கத்தில்தான் 2022 மே 15 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் கொல்லப்பட்டவர். துறவியாக இல்லாத இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இப்போது பெரும்பாலான பட்டியல்களில் கீழே கிடக்கும், நான் மேலே வைக்கும் இடம். தெர்மினி நிலையத்துக்கு எதிரிலேயே பலாட்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை. மேல்மாடியில், பேரரசன் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தோட்ட ஓவிய அறை, நாலு சுவரிலும் மாதுளை, பறவைகள். கூட்டம் கிடையாது. கீழ்த்தளத்தில் காசுகள், பெட்டி பெட்டியாக.

முட்டி வலியால் மாடி ஏறாமல் காசுப் பக்கம் வந்த அம்மா, அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசு வரிசைமுன் குனிந்து நின்றார். "இதை நான் பாத்திருக்கேன்" என்றார். நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மகள்தான், "எங்க அம்மாயி?" என்று கேட்டாள்.

"நாங்க சின்னப்புள்ளையா இருக்கறப்போ அமராவதி ஆத்துல மணலைச் சலிச்சுப் பாக்கறவங்க இருந்தாங்க கண்ணு. எதாச்சும் பொட்டுத் தங்கம் சிக்குமான்னு. அப்பப்ப காசும் சிக்கும். மூஞ்சி போட்ட காசு. எங்கப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்து காட்டினாரு. இதே மூக்கு."

கரூர் ஆற்றுமணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தது ஆய்வாளர்கள் பதிவுசெய்த விஷயம். கொங்குநாடு முழுக்கவே அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. எனக்கு இது புத்தகத்தில் தெரியும். என் தாத்தா கையில் ஒன்று இருந்தது என்று முப்பத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவருக்கும் சொல்ல இடம் வந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிசு. விமானம் ஏறியதிலிருந்து அம்மா எங்களுக்கு மூன்றாவது குழந்தை மாதிரி இருந்தார்: மருந்து, பாத்ரூம், படி. மகளோடு பேச்சும் "சாப்பிட்டியா" அளவுதான், அவள் தமிழ் அதற்குமேல் தாங்காது. அன்றைக்கு அவள் பாதி தமிழ், பாதி டச்சில் கேள்வி கேட்க, நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க, ஆற்றில் எப்படிச் சலிப்பார்கள், சல்லடை எப்படி இருக்கும், அந்தக் காசு கடைசியில் என்ன ஆச்சு (பாட்டியின் கம்மலோடு சேர்த்து உருக்கிவிட்டார்களாம்!) என்று முக்கால் மணி நேரம் போயிற்று. காவலர் வந்து மூடும் நேரம் என்றார்.

ஆகவே பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள் இந்த மியூசியத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். உங்களுடையவர்கள் கரூர்க்காரர்களாக இருக்க வேண்டியதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்: பஸ், மெட்ரோவில் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெரியவரோடு வந்தால் டிக்கெட் வேண்டாம். வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படி அதிகம். சுற்றுலா இடங்களில் கையில் கயிறு கட்டி "இலவசம்" என்பவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம்தான், அதனாலேயே கூட்டமும்.

நாலாவது நாள் கிடைத்தால் ஓஸ்தியா அந்திகா. பிரமிடே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து அரைமணி ரயில். ரோமின் பழைய துறைமுக நகரம்; தெரு, வீடு, அரங்கம், கல் இருக்கை போட்ட பொதுக் கழிப்பறைவரை அப்படியே கிடக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வேறெதுவும் பேசமாட்டார்கள். கயிறு கட்டி "தொடாதே" என்று சொல்வது குறைவு, பைன் மர நிழல் அதிகம், ஓடவிடலாம். அரங்கத்துக்குப் பின்னால் வணிகர்களின் சதுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கடைமுன்னும் தரையில் கறுப்பு வெள்ளைக் கல்லில் கப்பல், கலங்கரை விளக்கம், மீன் என்று பதித்திருப்பார்கள். அன்றைய விளம்பரப் பலகை. ஒரு இடத்தில் யானை இருக்கிறது, ஆப்பிரிக்க வியாபாரிகளுடையது. எந்தக் கடை என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளே தேடட்டும். திங்கட்கிழமை மூடியிருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சம் சாதம் தாங்கும், தயிர்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.